எங்கள் ஆலையில் நோய் ஒழிந்த விதம்

எங்கள் எனாமல் பாத்திர ஆலையில் நோய் என்பது 1993ஆம் ஆண்டு ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி காலை பதினொன்றரை மணியோடு ஒழிந்தது. நேரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் அந்தச் செய்தியை வாசல் கரும்பலகையில் சிவப்புச் சாக்பீஸால் எழுதியவன் நான்தான். "இன்று முதல் நம் ஆலையில் நோயாளி இல்லை" என்று எழுதி, நீண்ட ஆயுளுக்கு அடையாளமாக ஓரத்தில் இரண்டு பீச் பழமும் ஒரு கொக்கும் வரைந்தேன். கொக்கின் கால் கோணலாக இருக்கிறது என்று மேலிடத்தில் குறை சொன்னார்கள். மற்றபடி யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

முந்தைய நாள் வரை எங்களுக்கும் எல்லாரையும் போல நோய் வந்துகொண்டுதான் இருந்தது. வந்தால் அதற்கு வழியும் இருந்தது. ஆலை மருத்துவ அறையில் டாக்டர் ஃபூ நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பார். தன்னால் ஆகாதது என்றால் ஒரு சீட்டு எழுதி, வட்டச் சிவப்பு முத்திரை குத்துவார். அந்த முத்திரையைக் காட்டினால் நகர மருத்துவமனை கட்டில் கொடுக்கும், கத்தி வைக்கும், செலவை ஆலைக்கு எழுதி அனுப்பும். முத்திரை இல்லாதவன் வாசலிலேயே முன்பணம் கட்ட வேண்டும். எங்களில் பாதிப் பேருக்கு முன்பணம் என்ற வார்த்தையே தெரியாது. முப்பது வருஷம் சூளை வெக்கையில் வெந்ததற்கு ஆலை எங்களுக்குத் தந்திருந்த வாக்கு அது.

பிறகு தெற்கேயிருந்து பிளாஸ்டிக் பேசின் வந்தது. கீழே போட்டால் நசுங்காது, எனாமல் உதிராது, விலை பாதி. எங்கள் குண்டான்கள் கிடங்கில் கூரை வரை ஏறின. மருத்துவமனை அனுப்பிய பில்கள் ஆலைத் தலைவர் டோங்கின் மேசை இழுப்பறையில் நிரம்பி, இழுப்பறையை மூட முடியாமல் போனது. விற்காத குண்டான் ஒரு பக்கம், கட்டாத பில் ஒரு பக்கம். இரண்டையும் ஒரே அடியில் தீர்க்க ஒரு வழி இருக்கும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. அதனால்தான் நாங்கள் தொழிலாளிகளாகவும் அவர் தலைவராகவும் இருந்தோம்.

அன்று காலை எட்டு மணிக்கு எல்லாரையும் உணவுக்கூடத்துக்கு வரச் சொன்னார்கள். மேடையில் தலைவர் டோங் பக்கத்தில் வெள்ளைப் பட்டுச் சட்டைக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர்தான் குரு சியோங். மூன்று வருஷத்துக்கு முன்பு வரை நிலக்கரி லாரி ஓட்டியவர் என்று பின்னால் தெரிந்தது. மலையில் ஒரு மகானைச் சந்தித்து சிகோங் மூச்சுப் பயிற்சி கற்றதாகச் சொன்னார். எந்த மலை என்று யாரோ கேட்டதற்கு, பெயர் சொல்லக் கூடாத மலை என்றார்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பூங்காவில் விடியற்காலையில் கையை நீட்டி மடக்கி, நிதானமாக மூச்சு விடுகிறார்களே, அவர்கள்மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. என் அப்பாவும் இருபது வருஷம் செய்தார். நன்றாகத் தூங்கினார், முட்டிவலி மாத்திரை பாதியாகக் குறைந்தது, அந்தக் காசில் சூரியகாந்தி விதை வாங்கிக் கொறித்தார். ஆனால் மூச்சு விட்டதற்காக அவர் யாரிடமும் குண்டான் வாங்கவில்லை.

குரு சியோங் மூன்றரை மணி நேரம் பேசினார்.

"தோழர்களே! உங்க உடம்புக்குள்ளயே ஒரு ஆஸ்பத்திரி இருக்கு! மூவாயிரம் கட்டில்! அத்தனையும் காலியா கெடக்கு! நீங்க என்னடான்னா வெளிய போய் வரிசையில நிக்கிறீங்க!" என்றார். பேசப்பேச அவர் உள்ளங்கையிலிருந்து உயிர்மூச்சு கிளம்பி எங்கள் மேல் படுவதாகவும் சொன்னார். முதல் வரிசையில் இரண்டு பேர் அழுதார்கள். மூன்றாம் வரிசையில் ஒரு பெண் சிரிக்க ஆரம்பித்து, நிறுத்த முடியாமல் போகவே, வெளியே கூட்டிப் போனார்கள். பின்வரிசையில் பலர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் இரவு வேலை முடித்து வந்தவர்கள், தூக்கத்தில் ஆடினார்கள். எல்லாவற்றையும் 'பலன் தெரிகிறது' என்று குறித்துக்கொள்ளச் சொன்னார்கள். நான் குறித்துக்கொண்டேன்.

கடைசியில் குரு மேசைக்கு அடியிலிருந்து எங்கள் ஆலையின் இருபத்திரண்டு சென்டிமீட்டர் குண்டான் ஒன்றை எடுத்து, தன் தலையில் கவிழ்த்துக்கொண்டார். குண்டானின் இரண்டு கைப்பிடிக் காதுகளும் அவர் காதுக்கு மேலே சரியாக நின்றன.

"ஆகாயத்துலேருந்து உயிர்மூச்சு மழை மாதிரி கொட்டுது. வெறுந்தலையில விழுந்தா வழிஞ்சு போயிடும். புடிச்சு வைக்க ஒண்ணு வேணும். அலுமினியம் ஆகாது. பிளாஸ்டிக் பக்கமே போயிடாதீங்க, அது உயிர்மூச்ச கொன்னுடும். எனாமல்தான் வேணும்!"

சூளைப் பிரிவிலிருந்து ஒருவர் எழுந்தார். கெங் லியாங். நாற்பத்தெட்டு வயது, இருபத்தாறு வருஷமாகச் சூளையில் பாத்திரம் சுடுகிறவர். கிண்டல் செய்யத் தெரியாத மனிதர். உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார்.

"குருவே, மழைய புடிக்கணும்னா குண்டான நிமித்திதானே வைக்கணும்? கவுத்து வெச்சா எப்படி நிக்கும்?"

குரு கண்ணை மூடினார்.

"கேள்வி கேக்குற வாய் இருக்கே, அது வழியாத்தான் பாதி உயிர்மூச்சு வெளிய போகுது. உக்காருங்க, தோழர்."

கெங் அண்ணன் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். வீட்டுக்குப் போகும் வழியில்கூட அதிகம் பேசவில்லையாம், உயிர்மூச்சு போய்விடுமோ என்று.

அந்த மாதச் சம்பளத்தில் ஆளுக்கு ஒரு குண்டான் விலையைப் பிடித்துக்கொண்டார்கள். ஆண்களுக்கு இரட்டை மீன் படம் போட்டது, பெண்களுக்குப் பியோனிப் பூ போட்டது. தினமும் காலை ஏழு மணிக்கு இரண்டாயிரம் பேர் முற்றத்தில் குண்டானோடு நின்றோம். காற்றடித்தால் அத்தனை குண்டானும் ஊங்காரம் போடும். அச்சுப் பிரிவு மேஸ்திரி ஷி என்பவருக்குத் தலை பெரிது. அவருக்குக் குண்டான் மாட்டிக்கொண்டு இரண்டு நாள் கழலவே இல்லை. கடைசியில் சோப்பு நுரை போட்டு இழுத்தார்கள். 'நாற்பத்தெட்டு மணி நேர ஆழ்நிலை' என்று பதிவேட்டில் அவர் பெயர் ஏறியது.

மருத்துவ அறையைக் குண்டான் கிடங்காக மாற்றினார்கள். டாக்டர் ஃபூவுக்குக் குண்டான் எண்ணும் வேலை கொடுத்தார்கள். அவரிடமிருந்த சிவப்பு முத்திரை புதிதாகத் திறந்த சிகோங் அலுவலகத்துக்குப் போனது. அதன் பொறுப்பாளர் தோழர் பெங். எனக்கு அந்த அம்மாளைப் பிடிக்காது, அதை மறைக்கப் போவதில்லை. முன்பு எலி ஒழிப்பு இயக்கம் நடந்தபோது ஆளுக்கு இருபது எலி வால் என்று கணக்கு வைத்தவர். வால் போதாதென்று ஜனங்கள் முள்ளங்கி வேரில் மை தடவிக் கொண்டுவந்து கொடுத்தார்கள், அதையும் எண்ணி வாங்கினார். இப்போது பிரிவு ஒன்றுக்கு மாதம் எட்டு முழு குணம், இருபது பாதி குணம் என்று இலக்கு வைத்தார். குணமானதாக அனுபவ அறிக்கை எழுதிக் கொடுப்பவருக்கு ஒரு கிலோ முட்டை.

கெங் அண்ணனின் மனைவி மா யூஃபென், எனக்கு அண்ணி முறை, பாத்திரத்தில் பூப்படம் ஒட்டும் பிரிவில் வேலை. ஊரில் பாதிச் சமையலறைகளில் இருக்கும் பியோனிப் பூ அவர் ஒட்டியது. குளிர்காலத்திலிருந்தே அவருக்கு வலது விலா எலும்புக்குக் கீழே ஒரு வலி, சாப்பிட்டால் வரும், போகும். மே மாதக் கடைசியில் ஒருநாள் கெங் அண்ணன் இரண்டு வரி எழுதிய காகிதத்தோடு என்னிடம் வந்தார். "குண்டான் வைத்துப் பயிற்சி செய்தேன். வலி கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கிறது. மா யூஃபென்."

"நெசமா கொறஞ்சுதா அண்ணி?" என்று பின்னால் நின்ற அண்ணியைக் கேட்டேன்.

"முற்றத்துல நிக்கிற நேரத்துல சாப்பிடலேல்ல, அதனால அந்த நேரம் வலிக்கல" என்றார் அண்ணி. "கொறைஞ்சுதுன்னு இவரு எழுதுனாரு. மாதிரின்னு நான் சேக்கச் சொன்னேன். பொய் சொன்னதா ஆகக் கூடாது பாரு. முட்டை எப்ப குடுப்பாங்க?"

அந்த மாதம் பூ ஒட்டும் பிரிவுக்கு முழு குணத்தில் ஒன்று குறைந்தது. தோழர் பெங் காலையிலிருந்து என் மேசைக்கு மூன்று தடவை வந்துபோயிருந்தார். நான் என்ன செய்தேன் என்றால், கரும்பலகையில் எழுதும்போது 'கொஞ்சம்' என்பதையும் 'மாதிரி' என்பதையும் எடுத்துவிட்டேன். "வலி அடியோடு போய்விட்டது" என்று எழுதினேன். பத்து வருஷமாக இதைத்தான் செய்துவந்தேன். 'உற்பத்தி சுமார்' என்று எழுதிக் கொடுத்தால் 'உற்பத்தி உச்சம்' என்று எழுதுவேன். கை பழகிவிட்டது. யாரும் அதைப் பொய் என்று நினைத்ததில்லை, நானும் நினைக்கவில்லை. தோழர் பெங் கரும்பலகையைப் பார்த்து அப்படியே பதிவேட்டில் ஏற்றினார். அண்ணிக்கு முட்டை கிடைத்தது, அதில் இரண்டு உடைந்திருந்தது.

ஜூன் மாதம் அண்ணியால் நிமிர்ந்து நிற்க முடியவில்லை. கண்ணின் வெள்ளை மஞ்சளாகிவிட்டது. கெங் அண்ணன் அவரைக் குண்டான் கிடங்குக்குக் கூட்டிப் போய் டாக்டர் ஃபூவிடம் காட்டினார். டாக்டர் இரண்டு அடுக்குக்கு நடுவே அவரை உட்கார வைத்து, வயிற்றை அழுத்திப் பார்த்தார்.

"பித்தப்பைக் கல்லு. கொழாய போய் அடைச்சிருக்கு" என்றார். "ஒரு வாரத்துக்குள்ள கத்தி வெச்சாகணும் கெங். தள்ளிப் போட்டா ஆள் பொழைக்கிறது கஷ்டம். சீட்டு எழுதித் தர்றேன். முத்திரைதான் என்கிட்ட இல்ல."

எனவே கெங் அண்ணன் சிகோங் அலுவலகத்துக்குப் போனார். கரும்பலகைச் செய்தி வாங்க நானும் அங்கே இருந்தேன். தோழர் பெங் பதிவேட்டைப் புரட்டி, விரலை ஒரு வரியில் வைத்தார்.

"மா யூஃபென். மே இருபத்தெட்டாம் தேதி முழு குணம். அப்புறம் என்ன?"

"மறுபடி வந்துருச்சும்மா. கண்ணெல்லாம் மஞ்சளா இருக்கு. டாக்டர் ஒரு வாரம்தான்..."

"எந்த டாக்டர்? குண்டான் எண்ற ஃபூவா? தோழர் கெங், நல்லா யோசிங்க. குணமான ஆளுக்கு முத்திரை குத்தினா அது மோசடி. குணமாகலேன்னு நீங்க சொன்னா, மே மாசம் முட்டை வாங்குனது மோசடி. இதுல எந்த மோசடி உங்களுக்கு வேணும்?"

"நான் கொஞ்சம் கொறைஞ்ச மாதிரின்னுதான் எழுதுனேன்" என்றார் கெங் அண்ணன்.

"'அடியோடு போய்விட்டது'. இதோ இருக்கு."

கெங் அண்ணன் குனிந்து அந்த வரியைப் படித்தார். திரும்பவும் படித்தார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. "அது நான் மாத்துனது" என்று சொல்லிவிட்டேன். "அவரு எழுதுனது வேற. அந்த வரிய அடிச்சிடுங்க தோழர்."

தோழர் பெங் என்னைப் பார்த்துச் சிரித்தார். "நீங்க மாத்தல, தோழர் ரென். ஒசத்துனீங்க. ஒசத்துனது எறங்காது. மாவட்டத்துக்கு அறிக்கை போயாச்சு. இப்ப ஒரு குணத்தக் கழிச்சா ஆலையோட சதவிகிதம் என்ன ஆகும்?"

"அப்ப அவளுக்கு என்ன ஆகும்?" என்று கெங் அண்ணன் கேட்டார். சண்டைக்குக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"பயிற்சி பண்றாங்களா?"

"நிக்கவே முடியலம்மா."

"பயிற்சி பண்ணலேன்னா அது அவங்க பொறுப்பு. பயிற்சி பண்ணியும் வலிச்சா, நோய் வெளிய போகுதுன்னு அர்த்தம். ரெண்டுலயும் ஆஸ்பத்திரிக்கு வேலையே இல்லையே."

வெளியே வந்ததும் கெங் அண்ணன் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. "ஏன்ப்பா மாத்துன?" என்று ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் குரு சியோங்கே அண்ணியைப் பார்க்க வந்தார். ஆலை அவருக்கு வாங்கிக் கொடுத்த காரில் வந்தார். கட்டிலருகே நின்று, அண்ணியின் கண்ணையும் முகத்தையும் கையையும் பார்த்துவிட்டு, பின்னால் நின்ற தோழர் பெங்கிடம் திரும்பினார்.

"இது மஞ்சள் இல்ல. பொன்னு" என்றார். "பொன்மேனி நிலை. ஏழாவது படி. எனக்கே ஒம்போது வருஷம் ஆச்சு இந்தப் படிக்கு வர்றதுக்கு."

"எனக்கு ரெண்டு மாசத்துல வந்துருச்சே" என்றார் அண்ணி, சுவரைப் பார்த்துக்கொண்டு.

சனிக்கிழமை பெரிய கூட்டம், பொன்மேனி அடைந்த தொழிலாளியை மேடையில் உட்கார வைக்க வேண்டும் என்று சொன்னார்கள். கெங் அண்ணன் முடியாது என்றார். தோழர் பெங் அவரைத் தனியே கூப்பிட்டு, முன்மாதிரித் தொழிலாளிக்கு எதையும் மறுக்க முடியாது, கூட்டம் முடிந்த கையோடு முத்திரை குத்தித் தருகிறேன் என்றார். "ஓய்வுக்காகன்னு போட்டுக்கலாம். நோய்னு போட வேண்டாம்." அண்ணிதான் சரி என்றார். டாக்டர் சொன்ன ஒரு வாரத்தில் அந்தச் சனிக்கிழமை ஐந்தாவது நாள்.

அந்தக் கூட்டத்தை நான் மறக்க மாட்டேன். மேடையில் நாற்காலி போட்டு, பியோனிக் குண்டானைக் கவிழ்த்து, அண்ணியை உட்கார வைத்திருந்தார்கள். அந்தக் குண்டானில் பூ ஒட்டியவரும் அவர்தான். மஞ்சள் நன்றாகத் தெரியட்டும் என்று நேராக ஒரு விளக்குப் போட்டிருந்தார்கள். தலைவர் டோங் பேச எழுந்தார்.

"தோழர்களே! போன வருஷம் இந்த ரெண்டு மாசத்துல மருத்துவச் செலவு ஒரு லட்சத்து முப்பதாயிரம் யுவான். இந்த வருஷம் எவ்வளவு தெரியுமா? மூணு யுவான் இருபது காசு! அதுவும் காவலாளிய நாய் கடிச்சதுக்கு டிஞ்சர் வாங்குனது. அந்த நாய் நம்ம ஆலையச் சேந்தது இல்ல, பயிற்சியும் எடுத்தது இல்ல!" எல்லாரும் கைதட்டினார்கள். "சில பேர் கேக்குறாங்க, மிச்சமான பணம் எங்கேன்னு. தோழர்களே, நான் வெளிப்படையா சொல்றேன். குருவோட தங்குமிடம், குருவோட கார், குருவோட உதவியாளர்கள் ரெண்டு பேர், மாகாணத்துலேருந்து பாக்க வர்றவங்களுக்கு விருந்து. இதுல ஒரு காசுகூட நோயாளிக்குன்னு வீணாகல!"

இதற்கும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், கை அதற்கும் பழகியிருந்தது.

அப்போது அண்ணி நாற்காலியிலிருந்து முன்பக்கமாகச் சாய்ந்தார். குண்டான் உருண்டு மேடையிலிருந்து விழுந்தது. அவர் பச்சையாக வாந்தியெடுத்தார். குரு இரண்டு கையையும் தூக்கி, "எட்டாவது படி!" என்று கத்தினார். முதல் வரிசை எழுந்து நின்று ஆரவாரம் செய்தது.

கெங் அண்ணன் மேடை ஏறினார். மனைவியை முதுகில் போட்டுக்கொண்டு, ஆரவாரத்துக்கு நடுவே இறங்கி வந்தார். வழியில் தோழர் பெங் முன் நின்று ஒரு கையை நீட்டினார்.

"முத்திரை."

"கூட்டம் இன்னும் முடியலையே" என்றார் தோழர் பெங்.

கெங் அண்ணன் அவரைச் சுற்றிக்கொண்டு நடந்தார். சரக்கு ஏற்றும் மூன்று சக்கர மிதிவண்டியில் அண்ணியைப் படுக்க வைத்தார். நான் பின்னாலிருந்து தள்ளினேன். வாசலில் மேஸ்திரி ஷி நின்றிருந்தார், தலையைப் பிடித்த அதே குண்டான் கையில். "முத்திரை இல்லாம சேக்க மாட்டானுங்க, முன்பணம் கேப்பானுங்க" என்றார். சொல்லிவிட்டுத் தன் பையிலிருந்ததைக் குண்டானில் போட்டார். குண்டானை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு உணவுக்கூடத்துக்குள் திரும்பிப் போனார்.

பிறகு நடந்ததை அவர் சொல்லித்தான் தெரியும். வரிசை வரிசையாகத் தலையிலிருந்து குண்டான்கள் இறங்கின. மேடையில் குரு ஒன்பதாவது படியை விளக்கிக்கொண்டிருந்தார், கீழே சில்லறை விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அது உயிர்மூச்சு எனாமலில் படும் சத்தம் என்று அவர் சொன்னாராம்.

ஒரு மணி நேரத்தில் ஷி ஏழு குண்டான்களோடு மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார். பணம் வாங்கும் பெண் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்த்தார்.

"என்னங்க இது, தெருவுல பிச்சை எடுத்தீங்களா?"

"இல்லம்மா, சிகோங் பண்ணோம்" என்றார் ஷி.

அன்று மாலையே கத்தி வைத்தார்கள். பதினோரு கல் எடுத்தார்கள், பெரியது காடை முட்டை அளவு. அண்ணி பிழைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் கண் விழித்து, சோளக்கஞ்சி கேட்டார். கெங் அண்ணன் வராந்தாவில் சுவரைப் பார்த்துக்கொண்டு சத்தமாக அழுதார், நானும் அழுதேன்.

செலவு மொத்தம் தொள்ளாயிரத்து நாற்பது யுவான். கெங் அண்ணனின் நான்கரை மாதச் சம்பளம். கூட வேலை செய்பவர்களின் பணத்தைத் திருப்பித் தந்தாக வேண்டும் என்பது அவர் முடிவு. பில்லையும், சோயா ஊறுகாய் பாட்டிலில் போட்ட பதினோரு கற்களையும் எடுத்துக்கொண்டு சிகோங் அலுவலகத்துக்குப் போனார். நம்பாதவர்கள் பார்த்தால் நம்புவார்கள் என்று நினைத்தார்.

தோழர் பெங் பில்லைத் தொடவில்லை. பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"பதினொண்ணு! தோழர் கெங், இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே. அடுத்த வாரம் மாகாண அதிகாரி வர்றாரு. கண்காட்சிக்கு எங்கிட்ட அறிக்கைதான் இருக்கு, பொருள் ஒண்ணுமே இல்ல. 'பயிற்சியால் உடம்பு தானே வெளியேற்றிய கற்கள்'. பிரமாதம்!"

"கத்தி வெச்சு எடுத்ததும்மா. இதோ பில்லு."

"மே இருபத்தெட்டாம் தேதி குணம், ஜூன் பத்தொம்போதாம் தேதி பில்லு. தேதி ஒத்துவரல. பில்ல எடுத்துட்டுப் போங்க." பாட்டிலை என்னிடம் நீட்டினார். "தோழர் ரென், இதுக்கு ஒரு அட்டை எழுதி வைங்க. கொஞ்சம் ஒசத்தி எழுதுங்க."

அன்று சாயங்காலம் நான் பாட்டிலை எடுத்துக்கொண்டு சூளைக்குப் போனேன். "அண்ணே, அட்டையில என்ன எழுதட்டும்?" என்று கேட்டேன்.

கெங் அண்ணன் இரும்புக் கொக்கியைக் கீழே வைத்தார். பதிவேட்டில் அந்த வரியைப் படித்த நாளுக்குப் பிறகு அன்றுதான் என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"நான் சொல்றத எழுதுவியா? கொஞ்சம்னா கொஞ்சம். இல்லேன்னா இல்ல. ஒரு வார்த்த கூட்டக் கூடாது."

எழுதினேன். "பதினோரு கல். நகர மருத்துவமனையில் கத்தி வைத்து எடுத்தது. குண்டானில் பணம் போட்டவர்கள் கூட வேலை செய்பவர்கள். ஆலைக்கு இதில் பங்கில்லை."

அதை அப்படியே பாட்டில் முன்னால் வைத்தேன். வேலை போய்விடும் என்று தெரியும். சாக்பீஸும் தூரிகையும் வைத்திருந்த பெட்டியைக்கூடக் கட்டி வைத்துவிட்டேன். தோழர் பெங் வரவேற்பு மாலை வாங்கும் அவசரத்தில் அட்டையைப் படிக்கவில்லை.

மாகாண அதிகாரி ஹௌ வந்தார். நிறைய மருத்துவ பில்கள் பார்த்து அலுத்த முகம். தலைவர், குரு, தோழர் பெங் மூவரும் பின்னால் வர, பாட்டில் முன் நின்று அட்டையைச் சத்தமாகப் படித்தார். கடைசி வரிக்கு வந்தபோது தலைவர் டோங்கின் முகம் எங்கள் வெள்ளை எனாமல் நிறமாகிவிட்டது. ஹௌ கடைசி வரியை இரண்டாம் தடவை படித்தார்.

"யாரு யோசனை இது?" என்றார்.

தலைவர் டோங் தோழர் பெங்கைப் பார்த்தார், தோழர் பெங் என்னைப் பார்த்தார்.

"டோங், பதினாலு ஆலை பாத்துட்டு வர்றேன். எங்க போனாலும் மூச்சு, ஒளி, மண்ணாங்கட்டி. இதுதான்யா சரக்கு! நோயாளி இருக்கான், ஆஸ்பத்திரி இருக்கு, டாக்டர் இருக்கான், குணமும் ஆகுது. பணத்த அவனுங்களே போட்டுக்கறானுங்க. 'ஆலைக்கு இதில் பங்கில்லை'! அடேங்கப்பா! மேலிடத்துல மூணு வருஷமா இத எப்படி நாகரிகமா சொல்றதுன்னு தெரியாம முழிக்கிறோம், நீங்க ஒரே வரியில சொல்லிட்டீங்க. இந்தக் குரு எதுக்கு? அவருக்குக் கார் வேற எதுக்கு? குண்டான் மட்டும் போதுமே!"

தலைவர் டோங்குக்கு நிறம் திரும்பியது. "ஐயா, இதுதான் எங்க நீண்ட நாள் கொள்கை" என்றார்.

குரு சியோங் அந்த வாரமே கிளம்பினார். பாக்கிக் கட்டணத்துக்கு ஈடாக அவருக்கு நானூறு குண்டான்கள் கொடுத்தார்கள். சிகோங் அலுவலகத்தின் பெயர் மாறி 'பரஸ்பர உதவி அலுவலகம்' ஆனது. தோழர் பெங்தான் பொறுப்பாளர், மாதம் ஒரு பிரிவுக்கு இத்தனை குண்டான் சில்லறை என்று இலக்கு வைத்தார். சிவப்பு முத்திரையை அருங்காட்சியகத்துக்கு என்று சொல்லி எடுத்துப் போனார்கள். கெங் அண்ணனின் பில் திரும்பி வந்தது. கொள்கை ஆகஸ்டில் தொடங்குகிறது, பில் ஜூன் மாதத்தது என்று குறிப்பு எழுதியிருந்தது. எனக்கு வேலை போகவில்லை, அந்த வருஷத்தின் சிறந்த எழுத்தாளர் என்று ஒரு பேசின் கொடுத்தார்கள்.

ஆலை வாசலில் முன்பு "தொழிலாளியே ஆலையின் உரிமையாளன்" என்று ஒரு பலகை இருந்தது. அதைக் கழற்றிவிட்டு, மூன்று மீட்டர் நீளத்தில் வெள்ளை எனாமல் தகட்டில் சிவப்பு எழுத்தில் "ஆலைக்கு இதில் பங்கில்லை" என்று வைக்க உத்தரவு வந்தது. எழுத்தை நான் எழுதினேன். ஓரத்துப் பியோனிப் பூவை, வேலைக்குத் திரும்பியிருந்த அண்ணி ஒட்டினார், ஒரு கையால் வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு. சுட்டவர் கெங் அண்ணன். முதல் சூட்டில் ஓர் எழுத்தில் குமிழி வந்துவிட்டது. அவர் சுரண்டி எடுத்துவிட்டு, மறுபடி பூசச் சொல்லி, இரண்டாம் தடவை சுட்டார்.

"இந்தக் கர்மத்துக்கு எதுக்குண்ணே இவ்வளவு மெனக்கெடுறீங்க? கருகட்டுமே" என்றேன்.

"நான் சொன்ன வார்த்தைப்பா" என்றார் அவர். சூளைக் கதவின் துளை வழியாகப் பார்த்துக்கொண்டே பேசினார். "இத்தன வருஷத்துல நான் சொன்னத சொன்னபடி இந்த ஆலை எழுதினது இது ஒண்ணுதான்."

ஆலை மூடி நிறைய வருஷமாகிவிட்டது. கூரைத் தகட்டைக் கழற்றி விற்றுவிட்டார்கள், சூளை இருந்த இடத்தில் லாரி நிறுத்துகிறார்கள். வாசலில் அந்தப் பலகை மட்டும் இருக்கிறது. வெயிலும் பனியும் பட்டும் ஓர் எழுத்துகூட மங்கவில்லை. கெங் அண்ணன் அவ்வளவு நன்றாகச் சுட்டிருந்தார்.